க்ரூஸ் கண்ட்ரோல் பிடிக்க மறுக்கிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைத் தேடும் வழி

ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே வைத்த வேகத்தில் காரை ஓடவைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் நின்றுபோனால் எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது ஸ்டீயரிங்கில் இருக்கும் பட்டனைத்தான். பட்டன் செட்டை மாற்று, சரிவராவிட்டால் ஈசியூவை (இன்ஜினை இயக்கும் கணினியை) பார் என்று சில ஒர்க்‌ஷாப்களும் இதே வரிசையில்தான் போகின்றன. ஆயிரக்கணக்கில் செலவான பிறகு, பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சில நூறு ரூபாய் ஸ்விட்ச்தான் காரணம் என்று தெரியவரும். தேடும் வரிசையை மாற்றினால் இந்தச் செலவைத் தவிர்க்கலாம்.

இன்றைய கார்களில் க்ரூஸ் கண்ட்ரோலுக்கென்று தனி இயந்திரம் கிடையாது. ஆக்ஸிலரேட்டர் கேபிள் ஒழிந்து மின்னணு த்ராட்டில் (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தட்டு) வந்ததிலிருந்து, அது இன்ஜின் ஈசியூவுக்குள் ஓடும் ஒரு நிரல் மட்டுமே. சந்தேகம் வந்தால் மறுத்துவிடு என்பதுதான் அந்த நிரலின் அடிப்படை விதி. பிரேக் மிதிபடவில்லையா, கிளட்ச் மிதிபடவில்லையா, சக்கரங்களின் வேகம் ஒழுங்காக வருகிறதா, த்ராட்டில் சொன்னபடி கேட்கிறதா, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு) நலமாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும். ஒன்றில் பதில் தெளிவாக இல்லையென்றாலும் பிடிக்காது. அதனால் க்ரூஸ் ஏன் கெட்டது என்று கேட்பதைவிட, அது எதைச் சந்தேகப்படுகிறது என்று கேட்டால் வழி சீக்கிரம் திறக்கும். இன்னொன்றும் உண்டு. அது சந்தேகப்படும் விஷயம் பல நேரம் க்ரூஸைவிட முக்கியமானதாக இருக்கும். பிரேக் லைட் எரியாத வண்டி பின்னால் வருபவருக்கு ஆபத்து. க்ரூஸ் மறுப்பது அதற்கான முன்னறிவிப்பாகவே இருக்கலாம்.

தொடங்கும் முன் இரண்டு எச்சரிக்கைகள். ஓட்டிக்கொண்டே ஸ்கேனரையோ (ஈசியூவில் பதிவான பிழைகளைப் படிக்கும் கருவி) மொபைலையோ பார்க்காதீர்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் ஏர்பேக் வயர்களில் மல்டிமீட்டரை வைக்கவே கூடாது. அவற்றின் கனெக்டர்கள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். ஸ்டீயரிங் வீலைத் திறக்கும் வேலை எதுவானாலும் பேட்டரியைக் கழற்றி, அந்த வண்டியின் கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருந்த பிறகு, விஷயம் தெரிந்தவர் கையால்தான் நடக்க வேண்டும்.

பிழையே இல்லாத பிழைகள்

வண்டியை ஷெட்டில் விடுவதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள். க்ரூஸுக்குக் குறைந்தபட்ச வேகம் உண்டு. பல கார்களில் அது 40 கி.மீ. அளவில் இருக்கும், சரியான எண் உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளது. கீழ் கியர்களில் சில வண்டிகள் ஏற்காது. இன்ஜினை அணைத்தால் பெரும்பாலான கார்களில் நினைவில் வைத்த வேகம் அழிந்துவிடும். அதனால் காலையில் கிளம்பியதும் ரெஸ்யூமை (பழைய வேகத்துக்குத் திரும்பும் பட்டன்) அழுத்தினால் ஒன்றும் நடக்காது, செட் (இப்போதைய வேகத்தைப் பிடிக்கும் பட்டன்) அழுத்த வேண்டும். சில வண்டிகளில் க்ரூஸும் ஸ்பீடு லிமிட்டரும் (வைத்த வேகத்தைத் தாண்டவிடாமல் மட்டும் தடுப்பது) ஒரே பட்டனில் மாறி மாறி வரும். மீட்டரில் லிமிட்டர் குறி தெரியும்போது செட் அழுத்திவிட்டுக் காலை எடுத்தால் வண்டி வேகம் குறையத்தான் செய்யும்.

இறக்கத்தில் வைத்த வேகத்தைத் தாண்டி ஓடுகிறது என்பதும் அடிக்கடி வரும் புகார். சாதாரண க்ரூஸ் த்ராட்டிலை மூடும். பல கார்களில் பிரேக்கைத் தொடாது. மலைச்சாலை இறக்கத்தில் அதை நம்பி இறங்கவே கூடாது.

மெயின் பட்டனை அழுத்தினால் மீட்டரில் விளக்கே வரவில்லை

இங்கே மட்டும்தான் பட்டன் பக்கம் முதலில் போவது சரி. ஹாரன் அடிக்கிறதா, ஸ்டீயரிங்கில் இருக்கும் ஆடியோ பட்டன்கள் வேலை செய்கின்றனவா, ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சேர்ந்து கெட்டிருந்தால் கிளாக் ஸ்பிரிங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஸ்டீயரிங் சுற்றும்போதும் மின்தொடர்பு அறாமல் இருக்க, அதற்குள் சுருட்டிவைத்த தட்டை ரிப்பன் கேபிள் அது. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இடது கோடியிலிருந்து வலது கோடிவரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே ஹாரனை அடியுங்கள். ஓரிடத்தில் கத்தி, இன்னோரிடத்தில் வாயடைத்தால் ரிப்பன் அறுந்துகொண்டிருக்கிறது. ஏர்பேக்கும் அதே வழியாகத்தான் போகிறது. அதனால் க்ரூஸ் வேண்டாம் என்று நினைப்பவரும் இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஸ்டீயரிங் ராக் வேலை நடந்த பிறகு இந்தப் பிரச்சினை தொடங்கியிருந்தால், கிளாக் ஸ்பிரிங்கை நடுநிலையில் வைக்காமல் மாட்டியிருப்பார்கள் என்று கிட்டத்தட்ட உறுதியாகவே கொள்ளலாம்.

மற்ற பட்டன்கள் நன்றாக இருந்து க்ரூஸ் மட்டும் மௌனமாக இருந்தால் பியூஸைப் பாருங்கள். அதோடு, வெளியில் வாங்கி இறுக்கிப் போட்ட ஸ்டீயரிங் கவர் ஏதாவது பட்டனை ஓரத்தில் அழுத்திக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பல கார்களில் எல்லாப் பட்டன்களும் ஒரே வயரில் வெவ்வேறு மின்தடையாகத்தான் ஈசியூவுக்குத் தெரியும். ஒன்று ஒட்டிக்கொண்டால் மற்றவை எல்லாம் குழம்பும். இத்தகைய கோளாறில் ஸ்கேனர் பி0564 என்ற கோடை (பிழைக் குறியீடு) காட்டுவதுண்டு. புதிதாக ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டிய பின் தொடங்கியது என்றால், ஸ்டீயரிங் கண்ட்ரோல் வயரை எங்கே வெட்டி எங்கே ஒட்டினார்கள் என்று மாட்டியவரிடமே கேளுங்கள்.

பழைய காராக வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கீழ் வேரியண்டில் மேல் வேரியண்டின் ஸ்டீயரிங் பட்டன்களை அழகுக்காக மாட்டி விற்பதுண்டு. ஈசியூவில் அந்த வசதியைத் திறந்துவிடாமல் பட்டன் மட்டும் இருந்தால் அது என்றைக்கும் வேலை செய்யாது.

விளக்கு வருகிறது, ஆனால் செட் பிடிக்கவில்லை

ஷெட்டுக்கு வரும் புகார்களில் நிதானமாகப் பார்க்க வேண்டியது இதுதான். விளக்கு வருகிறது என்றால் பட்டன், கிளாக் ஸ்பிரிங், பியூஸ் மூன்றும் பெரும்பாலும் நலம். தேட வேண்டிய இடம் காலடியில் இருக்கிறது.

பிரேக் பெடல் ஸ்விட்ச்சுக்குள் பொதுவாக இரண்டு தொடர்புகள் உண்டு. பெடலை மிதித்தால் ஒன்று மூடி பிரேக் லைட்டை எரியவைக்கும். இன்னொன்று அதே நொடியில் திறந்து க்ரூஸை விடச் சொல்லும். ஈசியூ இரண்டையும் எப்போதும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒன்று மிதித்தாயிற்று என்றும் மற்றது மிதிக்கவில்லை என்றும் சொன்னால், அது எதையும் நம்பாமல் க்ரூஸை மூடிவிடும். அப்போது பதிவாகும் கோடு பெரும்பாலும் பி0504 அல்லது பி0571.

கருவி இல்லாமலே பாதியைச் சோதிக்கலாம். இருட்டிய பிறகு வண்டியைச் சுவருக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள். ஹெட்லைட்டை அணைத்துவிட்டுக் கண்ணாடியில் சுவரைப் பாருங்கள். பெடலில் காலின் கனம் பட்ட உடனேயே சிவப்பு வெளிச்சம் வர வேண்டும். காலை எடுத்த கணமே போக வேண்டும். பெடல் வெகுதூரம் போன பிறகுதான் வெளிச்சம் வருகிறது என்றால் ஸ்விட்ச் விலகியிருக்கிறது. காலை எடுத்த பிறகும் சிவப்பு நின்றால், பிரேக் மிதித்தபடியே ஓட்டுகிறீர்கள் என்று ஈசியூ நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் க்ரூஸ் எப்படிப் பிடிக்கும்?

பிரேக் லைட் அணையாமல் நின்றால் ஸ்விட்ச்சை மாற்றும் முன் ஓட்டுநர் பக்கத்துக் காலடி மேட்டைத் தூக்கிப் பாருங்கள். நொறுங்கிய சிறு பிளாஸ்டிக் அல்லது ரப்பர் துண்டுகள் கிடக்கின்றனவா? பெடலின் தண்டில், ஸ்விட்ச்சின் பிளஞ்சர் (உள்ளே போய் வெளியே வரும் முனை) வந்து முட்டும் இடத்தில் பொத்தான் அளவில் ஒரு ஸ்டாப்பர் இருக்கும். ஜப்பானிய, கொரிய வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் சில வருட வெயிலுக்குப் பிறகு அது உளுத்து உதிர்ந்துவிடும். பிளஞ்சர் அந்த ஓட்டை வழியாகப் பாய்ந்து வெளியே வந்துவிடும். பிரேக் லைட் இரவு முழுக்க எரியும். காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும். பேட்டரி அடிக்கடி இறங்குகிறது, க்ரூஸும் போய்விட்டது என்று இரண்டு புகார்கள் சேர்ந்து வந்தால் முதலில் இந்த ஸ்டாப்பரைத் தேடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியானால், பிரேக் மிதிக்காமலே பார்க்கிங்கிலிருந்து கியர் வெளியே வருவதும் இதன் அடையாளம். அது வீட்டில் குழந்தைகள் இருந்தால் உடனே சரிசெய்ய வேண்டிய விஷயம்.

மல்டிமீட்டர் உள்ளவர்கள் ஸ்விட்ச் கனெக்டரைக் கழற்றித் தொடர்பைச் சோதிக்கலாம். பெடல் ஓய்வில் இருக்கும்போது ஒரு ஜோடி மூடியும் இன்னொரு ஜோடி திறந்தும் இருக்க வேண்டும். மிதித்தால் இரண்டும் இடம் மாற வேண்டும். அந்த நிலையிலேயே ஸ்விட்ச் உடலை விரலால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். எண் தாவினால் உள்ளே தொடர்பு கருகியிருக்கிறது. சில புதிய கார்களில் ஸ்விட்ச்சுக்குப் பதிலாகக் காந்தப் புலத்தை உணரும் சென்சார் இருக்கும். அங்கே இந்தச் சோதனை பயன்படாது. ஸ்கேனரின் நேரடித் தரவில் பிரேக் 1, பிரேக் 2 இரண்டையும் பார்த்துக்கொண்டே மிதிக்க வேண்டும். புது ஸ்விட்ச் மாட்டும்போதும் கவனம் வேண்டும். பல வகைகளில் பிளஞ்சர் ஒருமுறை மட்டுமே தன்னைத்தானே அளவு பார்த்துக்கொள்ளும். கழற்றிய பழையதைத் திரும்ப மாட்டினால் அந்த அளவு தவறிப்போகும்.

பல்பையும் மறக்காதீர்கள். பின்பக்க விளக்கை அழகுக்காக வெளிச்சந்தை எல்இடிக்கு மாற்றிய பிறகு க்ரூஸ் நின்ற வண்டிகள் உண்டு. எல்இடி குறைந்த மின்னோட்டமே எடுக்கும் என்பதால், பல்பைக் கண்காணிக்கும் வண்டி அதை எரிந்துபோன பல்பாகவே கணக்கிடும். பழைய பல்பைத் திரும்பப் போட்டுச் சோதிப்பதற்குச் செலவில்லை.

மேனுவல் வண்டியில் கிளட்ச் ஸ்விட்ச்சும் இதே வேலையைச் செய்கிறது. அதன் கோடு பி0704. ஆனால் ஸ்விட்ச்சைத் தொடும் முன் உங்கள் இடது காலைக் கவனியுங்கள். நகர நெரிசலில் ஓட்டிப் பழகியவர்கள் பலர் நெடுஞ்சாலையிலும் கிளட்ச் பெடலின் மேல் காலை வைத்தபடியே ஓட்டுகிறார்கள். அந்தச் சிறு அழுத்தமே ஸ்விட்ச்சைத் திறக்கப் போதும். க்ரூஸும் பிடிக்காது, கிளட்ச் பிளேட்டும் தேயும். காலைப் பக்கத்தில் இருக்கும் மேடையில் வைத்து ஒருமுறை செட் அழுத்திப் பாருங்கள்.

செக் இன்ஜின் விளக்கும் கூடவே எரிந்தால் கதை வேறு. த்ராட்டில், ஆக்ஸிலரேட்டர் பெடல் சென்சார், டீசலில் டர்போ அழுத்தம் என எதில் கோளாறு பதிவாகியிருந்தாலும் பல ஈசியூக்கள் க்ரூஸைத் தடுத்துவைக்கும். அந்தப் பிழையைத் தீர்த்தால் க்ரூஸ் தானாக வந்துவிடும்.

பிடிக்கிறது, பிறகு தானாக விட்டுவிடுகிறது

இதில் மெக்கானிக்குக் கைகொடுப்பது ஓட்டுபவரின் கவனம்தான். எப்போது விட்டது என்று குறித்துவையுங்கள்.

மேடு பள்ளத்தில் குலுங்கும்போது விட்டால் மறுபடியும் பிரேக் ஸ்விட்ச்தான். எல்லையில் நிற்கும் பிளஞ்சர் குலுக்கலில் ஒரு கணம் விலகும். அந்த நேரத்தில் பின்னால் வரும் நண்பரின் வண்டியிலிருந்து பார்த்தால் பிரேக் லைட் மினுக்கென்று எரிவது தெரியும்.

வளைவில் திரும்பும்போது விட்டால் கிளாக் ஸ்பிரிங், அல்லது முன் சக்கரத்தின் வேக சென்சார் வயர். திரும்பும்போது அந்த வயர் இழுபடும்.

நீண்ட ஏற்றத்தில் விட்டால் அது பிழையாக இல்லாமலும் இருக்கலாம். வைத்த வேகத்திலிருந்து வண்டி வெகுவாகக் கீழே இறங்கினால் பல கார்கள் தாமாகவே க்ரூஸை விட்டுவிடும். ஐந்தாவது கியரில் ஆள் நிறைத்து ஏறினால் இது நடக்கும். முன்பு சுலபமாக ஏறிய அதே மேட்டில் இப்போது விடுகிறது என்றால் ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டர்போ ஹோஸ் பக்கம் பாருங்கள்.

ஏபிஎஸ் விளக்கு எரிந்து அணைவதோடு சேர்ந்து விட்டால் சக்கர வேக சென்சார். ஈரம் புகுந்த கனெக்டர், சகதி, எலி கடித்த வயர் என்று இதற்குக் காரணங்கள் பல. மழைக்காலத்தில் நிறுத்திவைத்த வண்டியில் எலியின் பங்கைக் குறைத்து எடைபோடாதீர்கள். ஆனால் வீல் பேரிங் மாற்றிய சில நாளில் இது தொடங்கியிருந்தால் முதலில் பேரிங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். இப்போதைய பேரிங்குகள் பலவற்றில் ஒரு பக்க சீலிலேயே காந்த வளையம் பதிந்திருக்கும். சென்சார் படிப்பது அதைத்தான். பேரிங்கைத் திருப்பி அழுத்திவிட்டால் சக்கரம் நன்றாகவே சுற்றும், சத்தமும் வராது, ஆனால் அந்தச் சக்கரத்திலிருந்து வேகமே வராது. வளையத்தில் இரும்புத்தூள் ஒட்டினாலும் தரவு தடுமாறும்.

இதைப் பிடிக்கும் வழி இதுதான். நேரான, ஆளில்லாத சாலையில் சீராக ஓட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர் ஸ்கேனரில் நான்கு சக்கர வேகங்களையும் பார்க்கட்டும். நான்கும் ஒட்டியே ஓட வேண்டும். ஒன்று திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தால் அந்தச் சக்கரம்தான். ஒன்று மட்டும் எப்போதும் கொஞ்சம் கூடவே காட்டினால் டயர் காற்றையும் அளவையும் பாருங்கள். வண்டியின் சோதனை சாக்கெட்டில் மாட்டும் மலிவான ப்ளூடூத் ஓபிடி கருவிகள் பல இன்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும். ஏபிஎஸ் தரவுக்கு ஷெட்டில் இருக்கும் பெரிய ஸ்கேனர் தேவைப்படலாம். அங்கே போகும்போது க்ரூஸ் கடைசியாக ஏன் விட்டது என்ற பதிவு ஈசியூவில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சில கார்களின் நேரடித் தரவில் அது இருக்கிறது. அதைப் பார்த்தால் ஊகத்துக்கே வேலையில்லை.

வேகம் நிலையாக நிற்காமல் ஏறி இறங்குகிறது

அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர் பார்வையற்றவர். தன் வழக்கறிஞர் பேசிக்கொண்டே காரை ஓட்டும்போது வேகம் கூடிக் குறைந்து குலுக்கியதுதான் வேகத்தை நிலைநிறுத்தும் கருவியைப் பற்றி அவரை யோசிக்கவைத்தது என்பார்கள். 1950ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1958ல் கிறைஸ்லர் இம்பீரியலில் அது வந்தது. எந்தத் தொல்லையைத் தீர்க்கப் பிறந்ததோ அதையே உங்கள் க்ரூஸ் தந்துகொண்டிருந்தால், முதலில் த்ராட்டில் பாடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கரி படிந்த தட்டு சிறு அசைவுகளுக்கு ஒட்டி ஒட்டித்தான் நகரும். சுத்தம் செய்த பின் பல வண்டிகளில் ஐடிலை (ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோது இன்ஜின் சுழலும் வேகம்) ஈசியூவுக்கு மறுபடி கற்பிக்க வேண்டும். கேபிளும், அதை வெற்றிடத்தால் இழுக்கும் ஆக்சுவேட்டரும் உள்ள பழைய வண்டியானால் விரிசல் விட்ட ரப்பர் குழாய், தளர்ந்த கேபிள் இரண்டையும் பாருங்கள்.

பட்டன் அழுத்தியும் விடவில்லை

மற்ற அறிகுறிகளில் க்ரூஸ் மறுக்கிறது. அது பாதுகாப்பான பக்கம். இது மட்டும் எதிர்ப்பக்கம்.

ஓடும்போது நடந்தால் பிரேக்கை ஒரே மூச்சில் அழுத்தமாக மிதித்துப் பிடியுங்கள். விட்டு விட்டு மிதிக்காதீர்கள். பெட்ரோல் இன்ஜினில் த்ராட்டில் திறந்திருக்கும்போது மிதிப்பை எளிதாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் குறைவு; ஒவ்வொரு மிதிப்பும் மிச்சத்தைச் செலவழிக்கும். கூடவே நியூட்ரலுக்கு மாற்றுங்கள். இன்ஜின் உறுமினால் உறுமட்டும். ஓரம் கட்டி முழுதாக நின்ற பிறகு அணையுங்கள். ஓடும்போதே சாவியைத் திருப்பி எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

நின்ற பிறகு முதலில் காலடி மேட்டைப் பாருங்கள். கிளிப் இல்லாமல் போட்ட தடித்த மேட் நகர்ந்து ஆக்ஸிலரேட்டரை அமுக்கியிருந்தால், க்ரூஸ் செய்யாத குற்றத்துக்குப் பழி சுமக்கிறது. மேட் காரணம் இல்லையென்றால் வண்டியைச் சரிசெய்யும்வரை க்ரூஸ் பட்டனைத் தொடாதீர்கள்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2018 மே மாதம் ஃபியட் கிறைஸ்லர் நிறுவனம் அமெரிக்காவில் 48 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. அரிதான ஒரு மின்சுற்றுக் கோளாறு நேர்ந்தால் க்ரூஸை ஓட்டுநரால் ரத்துசெய்ய முடியாமல் போகலாம் என்பதே காரணம். நிரலைப் புதுப்பிக்கும்வரை க்ரூஸைப் பயன்படுத்த வேண்டாம் என்று உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அதற்கு முன், 1999 முதல் 2009 வரை ஃபோர்டு பல கட்டங்களாக 1 கோடியே 40 லட்சத்துக்கும் அதிகமான வாகனங்களைத் திரும்ப அழைத்தது. க்ரூஸை விடுவிக்கும் அழுத்த ஸ்விட்ச்சுக்குள் பிரேக் ஆயில் கசிந்து, நிறுத்திவைத்த வண்டியே தீப்பிடிக்கக்கூடும் என்பதுதான் அங்கே பிரச்சினை. உங்கள் மாடலுக்கு இப்படித் திரும்ப அழைப்பு இருக்கிறதா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்துத் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். இருந்தால் அந்த வேலைக்குக் காசு வாங்க மாட்டார்கள்.

ரேடார் உள்ள வண்டிகள்

முன் வண்டியைப் பார்த்துத் தானே வேகம் குறைக்கும் அடாப்டிவ் க்ரூஸில் மேலே சொன்னவையெல்லாம் பொருந்தும். கூடவே கண்களும் சேருகின்றன. முன் கிரில்லிலோ பம்பரிலோ 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார், கண்ணாடியின் உச்சியில் கேமரா. சென்சார் மறைக்கப்பட்டது என்ற செய்தி கனமழையில் வந்து மழை நின்றதும் போனால் அது இயல்பு. வெயிலிலும் நின்றால் சகதி, பூச்சி, ரேடாருக்கு முன்னால் மாட்டிய அலங்கார விளக்கு, பம்பர் கார்டு ஆகியவற்றைப் பாருங்கள். பார்க்கிங்கில் யாரோ லேசாக இடித்து, பம்பரில் கீறல்கூட இல்லாமல் ரேடாரின் கோணம் மட்டும் திரும்பியிருக்கலாம். முன் கண்ணாடி மாற்றினாலும், பம்பரைக் கழற்றி மாட்டினாலும் காலிபரேஷன் (சென்சாரின் கோணத்தைச் சரிபார்த்து அமைப்பது) வேண்டும். காப்பீட்டில் கண்ணாடி மாற்றும்போதே அந்த வேலையையும் மதிப்பீட்டில் எழுதச் சொல்லிவிடுங்கள். பிறகு கேட்டால் கைக்காசுதான்.

சரிசெய்த பிறகு

கோடுகளை அழித்துவிட்டு, நெரிசல் இல்லாத சாலையில் சோதியுங்கள். செட் அழுத்திப் பிடித்ததும், வேகமே குறையாத அளவுக்கு பிரேக்கை மிக மெல்லத் தொடுங்கள், விட்டாக வேண்டும். ரெஸ்யூம் கொடுத்து கிளட்ச்சாலும், மறுபடி கேன்சல் பட்டனாலும் அதேபோல் பாருங்கள். மூன்றில் எது தயங்கினாலும் வண்டியை எடுத்துக்கொள்ளாமல் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் குண்டும் குழியுமான ஒரு பகுதியில் கொஞ்ச தூரம் க்ரூஸிலேயே ஓட்டிப் பாருங்கள். பிரேக் ஸ்விட்ச் தளர்ந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும்.